பதுளை மலையைத் தொட்டுப்போன பிரெஞ்சுச் சப்பாத்து

டெர்பி சப்பாத்தில் லேஸ் கோக்கும் இரு பக்கத் தோல்களும் முன்தோலின் மேலே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். லேஸை அவிழ்த்தால் வாய் அகலத் திறக்கும். நாள் முழுக்க நடக்கிறவருக்கு அதுதான் வசதி. வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரஷ்யத் தளபதி ப்ளூஹர், தன் சிப்பாய்களுக்கு இந்த மாதிரித் திறப்புள்ள பூட்ஸைக் கொடுத்தார் என்பார்கள். அன்று எதிரியாய் நின்ற பிரான்சிலேயே பின்னாளில் அதற்கு மவுசு கூடியது.

ஆல்ப்ஸ் அடிவாரத்து இஸோ ஊரில் சப்பாத்துப் பட்டறை நடத்திய ரெமி ரிஷார் 1926இல் அமெரிக்கா போனார். அங்கே இறப்பர் பூட்ஸைக் கண்டு அசந்துபோனார். கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பில் பட்டு உறுதியானதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் தற்செயலாகக் கண்டதன் பலன் அந்த பூட்ஸ். ஊர் திரும்பிய ரிஷார் தோல் சப்பாத்துக்கு இறப்பர் அடி போட்டார். பிரேசிலில் இறப்பர் கப்பலேறிய பாரா துறைமுகத்தை நினைத்து, 1927இல் ‘பாராபூட்’ என்று பெயர் பதிந்தார். 1945இல் வந்த பாராபூட்டின் ‘மைக்கேல்’ டெர்பியை ஓரமாகப் பாருங்கள்: மேல்தோலைப் பிடித்துக் கிடைமட்டமாக ஒரு தையல், அடியோடு சேர்த்து மேலிருந்து கீழாக இன்னொன்று. இரண்டும் தடித்த நூலில் வெளியே தெரியும். தண்ணீர் எளிதில் புகாது. தேய்ந்த அடியைப் பிரித்துப் புதிதும் போடலாம். சும்மா ஒட்டிய சப்பாத்து இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆனால் 1927இல் உலக இறப்பரில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வரவில்லை. மலாயா, சுமாத்திரா, ஜாவா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தது. இலங்கை இறப்பருக்கு வந்த கதை கோப்பியில் தொடங்குகிறது. 1869இல் பதுளைக்கு அப்பால் மடூல்சீமையில் கோப்பி இலைகளில் ஒரு துருநோய் தென்பட்டது. அது பரவப் பரவத் தீவின் கோப்பி படுத்துக்கொண்டே வந்தது; தோட்டத் துரைமார் மாற்றுப் பயிர் தேடினார்கள். அந்த நேரத்தில், 1876இல், ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் கம்பஹாவின் ஹேனரத்கொடைக்கு வந்து வேரூன்றின. உயரத்தில் தேயிலை, தாழ்வில் இறப்பர் என்று நிலம் பிரிந்தது. ஊவாவின் மொனராகலையில் இன்றும் பால் வெட்டுகிறார்கள்.

அந்தத் தோட்டங்களில் துரைக்குக் காலில் பூட்ஸ், நம்மவர்களுக்கு வெறுங்கால். அட்டை கடித்தது தெரியும். கொக்கிப்புழு பாதத்தைத் துளைத்து ஏறி இரத்தம் குடித்தது தெரியவில்லை. இரத்தசோகையில் சோர்ந்தவர்களைச் சோம்பேறி என்றார்கள். 1916இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்தும் கக்கூசும் வந்தன. சப்பாத்து வரவில்லை.

கொழுந்து மலையில் இன்றும் செருப்போடோ வெறுங்காலோடோ நிற்கும் பெண்கள் பலர். சறுக்காத இறப்பர் அடி போட்ட சப்பாத்தைத் தோட்ட நிர்வாகமே கொடுக்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் இதையும் கேட்கட்டும்.