நீலமா, கறுப்பா?

கல்லூரி வொர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்கப் பழகிய கைக்கு, ரிட்டையர் ஆன பிறகும் சும்மா இருக்கத் தெரியவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் குடியிருக்கும் நான், 1965-ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றை வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றேன். அதில் கொஞ்சம் சரித்திரமும் இருப்பதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

மஸ்டாங், 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. என் காரில் இருந்தது 289 கன அங்குல வி-8 என்ஜின். வாங்கும்போது அது நீல நிறத்தில் இருந்தது. "ஃபோர்டு என்ஜின்னா நீலம்தானே!" என்று நானும் இரண்டு டின் நீலப் பெயிண்ட் வாங்கி வைத்தேன். ஒரு பக்க வால்வு கவரை வயர் பிரஷ் போட்டுப் பளபளவென்று சுரண்டியும் விட்டேன்.

மறுபக்கக் கவரைக் கழற்றினால், போல்ட் தலைக்கு அடியில், நீலம் எட்டாத இடத்தில், தங்க நிறம்! என்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால், பின்னால் கறுப்பு. அட, இதென்ன கூத்து?

தேடிப் பார்த்தபோது விளங்கியது. வார்ப்பிரும்பு துருப்பிடிக்காமல் காப்பதோடு, எந்த என்ஜின் என்று காட்டவும் அந்நாளில் நிறம் உதவியது. 1965-இல் 289 என்ஜினுக்குக் கறுப்பு பிளாக், தங்க நிற வால்வு கவர், ஏர் கிளீனர். ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு இவ்விரண்டும் சிவப்பு. 1966 மாடலிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம்.

சரி, பிற்பாடு யாராவது 1966 என்ஜினை மாற்றி வைத்திருந்தால்? அப்போது அந்த என்ஜினுக்கு நீலம்தானே சரி? ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே, பிளாக்கில் வார்ப்புத் தேதி இருந்தது: '5 சி 12'. அதாவது 1965, மூன்றாம் மாதம், 12-ஆம் தேதி. கதவுத் தகட்டில் கார் தயாரிப்புத் தேதி '26 சி', மார்ச் 26. நடுவில் பதினான்கே நாட்கள். காரோடு பிறந்த என்ஜின்தான்! நீல டின்கள் இன்னும் ஷெட்டில் கிடக்கின்றன.

இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. இரண்டாவது கவரையும் சுரண்டியிருந்தால் தங்க நிறத்துக்குச் சாட்சியே இருந்திருக்காது. முப்பது வருடம் என்ஜினியராக இருந்தவன், ஊர் சொன்னதை நம்பி அவசரப்பட்டேன்.

மாணவத் தம்பி தங்கைகளே, நம் ஹீட் என்ஜின்ஸ் லேபில் இருக்கும் பழைய என்ஜின்களுக்கு என்றாவது பெயிண்ட் அடிக்கச் சொன்னால், தாராளமாக அடியுங்கள். ஆனால் மறைவாக ஒரு மூலையை மட்டும் சுரண்டாமல் விட்டு வையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.