படகுத்துறை முதல் பிரசவ வார்டு வரை: நம்ம கரைத் தாய்மார்களின் வரலாறு

"பிரசவம்னா பொம்பளைக்கு மறுபிறவி" என்று நம்ம ஆயாக்கள் சொல்லுவாங்க. இன்றைக்குப் பிள்ளை பெறப் போகும் நம் மகள்களுக்கு அது வெறும் பழைய பேச்சாகத் தோன்றலாம். சொன்னவர்களுக்கு அது கண்ணால் பார்த்த பயம். இந்த மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றிப் பல கட்டுரைகள் இருக்கின்றன. நம்ம கரையில் பெண்கள் எப்படிப் பிள்ளை பெற்றார்கள், அது எப்படி மாறியது, இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பதையும் எழுதி வைப்பது நல்லது.

தண்ணீர் தாண்டிப் போன காலம்

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. பாலம் வருவதற்கு முன்பு பஜாருக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படகுதான். வலி ராத்திரியில் எடுத்தால் முதலில் படகுக்காரரை எழுப்பணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காத்து அடிச்சா அதுவும் முடியாது. அக்கரை சேர்ந்த பிறகு பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர், சென்னைக்குச் சுமார் 60 கிலோமீட்டர்.

இத்தனைக்கும் சென்னையில் 1844லேயே பிரசவத்துக்கென்று தனி மருத்துவமனை தொடங்கிவிட்டார்கள். இன்றைய எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். நம்ம ஏரி வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் பட்டணம் போய்ச் சேர்ந்தன. ஆனால் வலி எடுத்த பெண்ணுக்கு அந்தத் தூரம் மிக அதிகம்.

மருத்துவச்சி கை

அதனால் பிரசவம் வீட்டில்தான், மருத்துவச்சி கையில். அவர்களைக் குறைத்துப் பேசக் கூடாது. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, கூலியாக ஒரு புடவையும் கொஞ்சம் அரிசியும் வாங்கிக்கொண்டு, எத்தனையோ பேரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ அவர்களிடம் மருந்து இல்லை. அவ்வளவுதான்.

சுத்தம் பற்றிய அறிவு பெரிய டாக்டர்களுக்கே தாமதமாகத்தான் வந்தது. 1847ல் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் எல்லாரும் குளோரின் கரைசலில் கை கழுவணும் என்று விதி போட்டார். பிரசவ ஜன்னியில் செத்துக்கொண்டிருந்த தாய்மார்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அப்படியும் அவர் பேச்சைப் பல டாக்டர்கள் ஏற்கவில்லை.

நம்ம ஊர்ப் பக்கம் பச்சைப்பிள்ளை ஒரு வாரத்துக்குள் பால் குடிக்க முடியாமல், தாடை இறுகி, உடம்பு விறைத்துப் போனால் 'தோஷம்' என்றார்கள். அது ரணஜன்னி. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால் வந்தது. தாய்க்குப் போட்ட தடுப்பூசி, மருத்துவச்சிகளுக்குக் கொடுத்த பயிற்சி, புது பிளேடு, சுத்தமான நூல், இவையெல்லாம் சேர்ந்து அதை விரட்டின. 2015ல் இந்தியா தாய் சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

சட்டம் வந்தது, நர்சம்மா வந்தாங்க

1939ல் வந்த மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம், தாய் சேய் நலத்தை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் வந்தன. கிராம சுகாதார செவிலியர், அதாவது நம்ம நர்சம்மா, வீடு தேடி வரத் தொடங்கினார். 1975ல் நாட்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. 1982ல் தமிழ்நாட்டில் சத்துணவு வந்தது.

1987ல் கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்று அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. 1912ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போன பெண்மணி அவர். சில நூறு ரூபாயில் தொடங்கிய அந்த உதவி 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 ரூபாய் ஆனது.

மூன்று தாமதங்கள்

1994ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம் ஒன்று. போய்ச் சேர ஆகும் தாமதம் இரண்டு. போன இடத்தில் சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம் மூன்று.

நம்ம கரைக்கு இது அப்படியே பொருந்தும். "மாமியார் வரட்டும், அவர் கடல்ல இருந்து வரட்டும்" என்று காத்திருந்தது முதல் தாமதம். படகும் பஸ்ஸும் இரண்டாவது. டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்க என்பது மூன்றாவது.

இரண்டாவது தாமதத்தைப் பாலமும், 2008ல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸும் நிறையக் குறைத்தன. புயல் எச்சரிக்கை வந்தால் பிரசவ தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் இப்போது நடக்கிறது. மூன்றாவது தாமதத்துக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது.

இன்னொரு முக்கியமான வேலையும் நடந்தது. 1990களில் இருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து, எந்த இடத்தில் நேரம் போனது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். குழுவில் கணக்கு எழுதும் நமக்கு இதன் அருமை தெரியும். வரவு செலவு எழுதாத குழுவில் பணம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. உயிரும் அப்படித்தான்.

2001-03ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54 ஆனது. அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் 301லிருந்து 97. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது.

இன்னும் பாக்கி இருப்பது

உலகத்தில் 2023ல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தாய். பெரும்பாலும் தடுக்கக்கூடிய மரணங்கள்.

நம்ம பக்கம் பாக்கி ரத்தத்தில் இருக்கிறது. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். "வாந்தி வருது, மலம் கறுப்பா போகுது"ன்னு பாதியில் நிறுத்திவிடுகிறோம். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வாந்தி குறையும். டீயோடு மட்டும் போடக் கூடாது, சத்து உடம்பில் சேராது. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நர்சம்மாவிடம் சொன்னால் ஊசி மூலம் ஏற்ற வழி இருக்கிறது.

இன்னொன்று, வேலை. விடியுமுன் கூடை தூக்கி மீன் விற்கப் போகிற பெண்ணுக்கும், ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவுகிற இருளர் பெண்ணுக்கும் செக்கப் நாள் என்றால் அன்றைய வருமானம் போச்சு. அதனால்தான் "அடுத்த வாரம் போகலாம்" என்கிறார்கள். முதல் தாமதம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் குறைக்க ஆம்புலன்ஸால் முடியாது. பக்கத்து வீட்டில் இருக்கும் குழு உறுப்பினரால்தான் முடியும்.

1989ல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது நோக்கம் சிறுசேமிப்பு. கந்துவட்டிக்குப் போகாமல் கையில் காசு இருந்தால், அர்த்த ராத்திரியில் புருஷனையோ மாமியாரையோ எதிர்பார்க்காமல் கிளம்ப முடியும் என்பதையும் குழுக்கள்தான் நமக்குக் காட்டின.

எனவே ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும், கடன் கணக்கு முடிந்ததும், ஐந்து கேள்வி கேட்போம்:

1. நம்ம தெருவில் கர்ப்பமாக இருப்பவர் யார்? 12 வாரத்துக்குள் பதிவு செய்தாச்சா?
2. ரத்த அளவு 11க்குக் கீழே இருப்பவர் யார்? மாத்திரை போடுகிறாரா?
3. செக்கப் நாளில் அவர் கூடையை யார் எடுத்துப் போவது?
4. ராத்திரி வலி எடுத்தால் கூடப் போவது யார்? அவசரக் கடன் தயாரா?
5. தலைவலி, கண் மங்கல், கால் முகம் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவு இவை வந்தால் காத்திருக்கக் கூடாது என்று அவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?

பதிலைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைப்போம். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மற்ற வேலைக்குப் போவோம்.