பைரி: நகரக் கூடுகளும் குஞ்சுகள் பறந்தெழும் பருவமும்

பைரி, பறந்துகொண்டிருக்கும் பறவைகளைப் பறந்தபடியே அடித்து வீழ்த்தி உண்ணும் வேட்டைப் பறவை. அறிவியல் பெயர் ஃபால்கோ பெரெக்ரினஸ். பொரி வல்லூறு என்ற பெயரும் வழக்கில் உண்டு. அண்டார்க்டிகா தவிர்த்த எல்லாக் கண்டங்களிலும் வாழும் இதற்கு ஏறத்தாழ 19 உள்ளினங்கள் உள்ளன. உயரத்தில் வட்டமிட்டு, இறக்கையை ஒடுக்கி, இரைமீது தலைகீழாகப் பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதைவிட வேகமாகச் செல்லும் விலங்கு வேறெதுவும் அறியப்படவில்லை. பெண் பறவை ஆணைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. வளர்ந்த பறவையின் முதுகு கருஞ்சாம்பல் நிறம், மார்பில் குறுக்குக் கோடுகள், கண்ணுக்குக் கீழே மீசைபோல் இறங்கும் கறுப்புப் பட்டை.

பைரி கூடு கட்டுவதில்லை. ஒரு குச்சியைக்கூடக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. செங்குத்தான பாறை முகப்பில் மழைச்சாரல் படாத ஒரு திட்டைத் தேர்ந்து, அங்குள்ள சரளை மண்ணில் மார்பை அழுத்தி, கால்களால் பின்னோக்கிப் பறித்து ஆழமில்லாத குழி ஒன்று செய்யும். முட்டைகள் அதில்தான் இடப்படும். ஏறிவர முடியாத உயரம், எதிரே தடையில்லாத வெளி, அருகில் நிறையப் பறவை இரை ஆகிய மூன்றும் இருந்தால், எழுப்பியது இயற்கையா மனிதரா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. அதனால்தான் தேவாலயக் கோபுரம், பாலத்தின் இரும்புத் தூண், அடுக்குமாடி விளிம்பு, அனல்மின் நிலையப் புகைபோக்கி எனப் பல இடங்களுக்கும் பைரி குடிவந்திருக்கிறது. நகரத்து மாடப்புறா அதன் விருப்ப உணவு. தெருவிளக்கு வெளிச்சத்தில், இரவில் வலசை செல்லும் சிறு பறவைகளைப் பிடிக்கவும் நகரப் பைரிகள் பழகியுள்ளன.

கட்டடத்தில் குறையாக இருப்பது மண். கனடாவின் மொண்ட்ரியல் நகரில் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் 1930களின் பிற்பகுதியில் ஒரு பைரி இணை குடியேறியது. வெறும் கல் விளிம்பில் இட்ட முட்டைகள் நிலைக்கவில்லை. 1940இல் சரளை நிரப்பிய தட்டு வைக்கப்பட்ட பிறகே குஞ்சுகள் பொரித்து வளர்ந்தன. 1952 வரை அங்கே கூடு இருந்தது. இன்று உலகெங்கும் கட்டடங்களில் வைக்கப்படும் கூட்டுப்பெட்டியின் அடிப்படை அந்த எளிய தட்டுதான்.

இந்தியாவில் பைரியின் இரண்டு உள்ளினங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. ஒன்று சைபீரியாவின் துருவச் சமவெளியில் இனப்பெருக்கம் செய்து, பனிக்காலத்தில் இங்கே வரும் வெளிர்நிற உள்ளினம். அது ஏரிக்கரைகள், கழிமுகங்கள், உயரமான கோபுரங்கள் ஆகியவற்றை ஒட்டித் தங்கி, வாத்துகளையும் உள்ளான்களையும் புறாக்களையும் வேட்டையாடி, கோடை தொடங்குமுன் திரும்பிவிடும். மற்றொன்று இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் ஷாஹீன். மேலே அடர்கறுப்பும் கீழே செம்மையும் கொண்ட இதை, இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் இடையே கப்பலில் பிடிபட்ட ஒரு பறவையைக் கொண்டு சுவீடன் நாட்டு விலங்கியலாளர் சுண்டெவால் 1837இல் விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைமுகப்புகளும், இலங்கையில் சுற்றுநிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் எழும் சிகிரியாக் குன்றும் அதன் பெயர்பெற்ற இருப்பிடங்கள். 1996இல் இலங்கையில் ஏறத்தாழ 40 இணைகள் இனப்பெருக்கம் செய்வதாக மதிப்பிடப்பட்டது.

ஷாஹீனின் கூடுகாலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மேற்கு மகாராஷ்டிரத்தில் கூடுகளைக் கண்காணித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, குஞ்சுகள் ஏறத்தாழ 48 நாளில் பறந்தன. கூட்டுக்குச் சராசரியாக 1.32 குஞ்சுகளே தேறின. கட்டடங்களிலும் செல்பேசிக் கோபுரங்களிலும்கூட ஷாஹீன் கூடு வைத்திருப்பது இந்தியாவில் பதிவாகியுள்ளது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த குடிபெயர்ப்பு இங்கேயும் மெல்லத் தொடங்கியிருக்கிறது என்று இதைக் கொள்ளலாம். ஆனாலும் ஷாஹீன் இன்றளவும் பாறையின் பறவைதான்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியை வைத்துப் பார்த்தால், வலசை வரும் பைரிக்கும் ஷாஹீனுக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. 1962இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. நகரியத்தைச் சுற்றி மலை கிடையாது. தொலைவிலிருந்தே கண்ணில் படும் புகைபோக்கிகள், குளிர்விப்புக் கோபுரங்கள், வரிசையாகச் செல்லும் உயரழுத்த மின்கோபுரங்கள் எல்லாமே மனிதர் எழுப்பிய உயரங்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பாய்கிறது. அந்த ஏரிகளை நம்பி நீர்ப்பறவைகள் வருகின்றன. பனிக்காலப் பைரிக்கு ஏற்ற அமைப்பு இது. கூடு என்று வரும்போது கதை வேறு. வலசை வரும் பைரி தன் கூட்டுக்காலத்தில் இங்கே இருக்காது. ஷாஹீனின் பாறைகளோ தொலைவில் உள்ளன. சுரங்கத்தின் செங்குத்தான மண்சரிவு பாறைமுகப்பைப் போலத் தோன்றினாலும், வாளிச்சக்கர எந்திரங்கள் அதை ஓயாமல் வெட்டி நகர்த்துவதால் எந்தத் திட்டும் நிலைப்பதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பைரிகள் கல்குவாரிகளில் கூடு வைப்பது அங்கே பாறை நிலைத்து நிற்பதால்தான்.

நெய்வேலி நகரியத்தைப் போல மரம் செறிந்த குடியிருப்புகளில் கூடு கட்டும் வேட்டைப் பறவை சிறிய வல்லூறு, அதாவது ஷிக்ரா. அது மாமரத்திலோ வேம்பிலோ குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும். இரண்டின் குஞ்சுகளும் கூட்டைவிட்டு வெளியேறும் விதம் முற்றிலும் வேறு. ஷிக்ராக் குஞ்சு பறக்கத் தெரியுமுன்னே கூட்டிலிருந்து கிளைக்கு நடக்கும், கிளைவிட்டுக் கிளை தாவும், தவறினால் கீழ்க்கிளையைப் பற்றும். பைரிக் குஞ்சுக்குக் கிளை இல்லை. பாறையிலாவது ஆங்காங்கே திட்டு, புதர், சரிவு உண்டு. கட்டடத்தில் விளிம்புக்கு அப்பால் காற்று மட்டுமே. நகரப் பைரிக் குடும்பத்தின் கோடை முழுவதும் இந்த ஒரு குறையைச் சுற்றியே நடக்கிறது.

பைரி வழக்கமாக 3 அல்லது 4 முட்டைகள் இடும். செம்பழுப்புப் புள்ளிகள் நிறைந்த அவற்றைப் பெரும்பாலும் பெண்ணே அடைகாக்க, ஆண் இடையிடையே மாற்றிவிட்டு இரை கொண்டுவரும். ஏறத்தாழ 29 முதல் 33 நாளில் குஞ்சுகள் பொரிக்கும். கடைசி முட்டை அல்லது அதற்கு முந்தையது இடப்பட்ட பிறகே முழு அடைகாப்பு தொடங்குவதால் குஞ்சுகள் அடுத்தடுத்துப் பொரித்து, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மூத்தது இளையதைக் கொல்லும் வழக்கம் சில கழுகுகளில் உள்ளதுபோல் இங்கே இல்லை.

பொரித்த குஞ்சு வெண்தூவி போர்த்தது. தலையை நிமிர்த்தி வைக்கவே தடுமாறும். ஆறு நாளில் எடை இருமடங்காகும். மூன்று வாரத்தில் பத்து மடங்கு. முதல் பத்து நாள் தாய் அதன்மேல் அமர்ந்து சூடு தரும். ஆண் கொண்டுவரும் இரையை இறகு பிடுங்கி, சிறு சிறு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு வாய்க்கும் ஊட்டும். மூன்றாம் வாரத்தில் தூவிக்குள்ளிருந்து கறுத்த இறகுக் குருத்துகள் முளைக்கும். நான்காம் வாரத்தில் குஞ்சுகள் துண்டுக்காகக் காத்திராமல் இரையை முழுதாகப் பறித்துக்கொண்டு, இறக்கையைக் குடைபோல் விரித்து மறைத்துத் தின்னும். கூட்டுக்குக் கீழேயுள்ள சுவரில் சுண்ணாம்புக் கோடுகளாக எச்சம் வழியும். உள்ளே குஞ்சுகள் உண்டு என்பதற்குக் கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டும் முதல் அடையாளம் அதுதான்.

ஐந்தாம் வாரம் முடியும் தறுவாயில் விளிம்பு பரபரப்பாகிவிடும். குஞ்சுகள் நகத்தால் விளிம்பைக் கவ்வியபடி இறக்கையை விடாமல் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் மீதமிருக்கும் வெண்தூவி பறந்து சிதறும். உச்சந்தலையில் மட்டும் கடைசிக் கொத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது அவற்றின் நிறம் பழுப்பு. மார்புக் கோடுகள் பெற்றோருக்குப்போல் குறுக்காக இல்லாமல் நெடுக்காக ஓடும். இறக்கை, வால் இறகுகள் வளர்ந்த பறவைக்கு உள்ளதைவிடச் சற்றே நீளம். இயற்கை தரும் நல்ல உதவி இது: வேகம் குறைந்தாலும் மிதப்பு கூடும். பெற்றோர் இரை கொண்டுவருவதைக் குறைத்து, அதைக் காலில் பற்றியபடி கூட்டுக்கு எதிரே பறந்து காட்டும் நிகழ்ச்சிகளும் காணப்படுகின்றன.

முதல் பறத்தல் பெரும்பாலும் 38 முதல் 45 நாளுக்குள் நிகழும். எடை குறைந்த ஆண் குஞ்சுகள் சில நாள் முந்தும். புறப்படுவது எளிது, இறங்குவதுதான் கடினம். காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைத்து ஒரு விளிம்பில் காலூன்ற அதற்குத் தெரியாது. சுவரில் மோதிச் சறுக்கும், கம்பியைப் பற்ற முயன்று தலைகீழாகத் தொங்கும், கண்ணாடியில் தெரியும் வானத்தை மெய்யென நம்பி மோதும். மேலெழத் தெம்பில்லாமல் ஒவ்வொரு முயற்சியிலும் முன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் இறங்கி, கடைசியில் சாலைக்கு வந்துவிடும் குஞ்சுகள் பல. தரையிலிருந்து நேராக எழும்ப அதன் இறக்கைக்கு இன்னும் வலு இல்லை. காயமில்லாத குஞ்சுகூட அங்கே வாகனத்துக்கோ நாய்க்கோ இரையாகும். புகைபோக்கிக் கூடுகளில் உட்புறம் விழும் இடரும் உண்டு.

நகரக் கூடுகள் பலவற்றில் ஆர்வலர்கள் இந்த ஓரிரு வாரமும் முறைபோட்டுக் கீழே காவல் நிற்பது இதற்காகத்தான். வேலை பெரிதில்லை, பொறுமைதான் பெரிது. தரையில் கிடக்கும் குஞ்சின்மேல் துணி போர்த்தி, காற்று புகும் அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, காயம் உண்டா என்று பார்த்து, கட்டடத்தின் மேல்தளத்தில் விட்டுவிடுவார்கள். பசிக்குரல் கேட்டதும் பெற்றோர் அங்கேயே இரை கொண்டுவரும். கூட்டு விளிம்புக்கே திருப்பிக்கொண்டுபோவது தவறு. ஆள் நடமாட்டம் கண்டு மற்ற குஞ்சுகள் பருவத்துக்கு முன்பே குதித்துவிடும். ஆய்வுக்காகக் காலில் வளையம் மாட்டுவதை மூன்று வார வயதிலேயே முடித்துவிடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

பறக்கத் தொடங்கிய பின் பெற்றோரின் பராமரிப்பு ஒன்று முதல் இரண்டு மாதம் நீளும். கூட்டில் கிடைத்த காலத்தைவிடப் பயனுள்ள காலம் இதுவே. முதலில் இரை மேல்தளத்தில் வைத்துத் தரப்படும். பிறகு காற்றிலேயே கைமாறும்: பெரிய பறவை இரையைத் தொங்கவிட்டுப் பறக்க, இளையது கீழிருந்து மேலேறி மல்லாந்து நகத்தால் வாங்கும். அதன்பின் இரையை உயரத்திலிருந்து நழுவவிடும். பாய்ந்து பிடிக்காவிட்டால் உணவில்லை. பாதி உயிருள்ள பறவையைக் கொண்டுவந்து விடுவதும் காணப்பட்டுள்ளது. இடைப்பட்ட நேரத்தில் உடன்பிறந்தவை ஒன்றையொன்று துரத்தும், தும்பிகளைப் பிடிக்கும். அப்படியும் முதல் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டவை மடிகின்றன. தப்பியவை கலைந்துபோய், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இணை சேரும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சுழற்சியே பல நாடுகளில் அறுந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியின் எச்சம் இரைவழியே பைரியின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டைகள் நொறுங்கின. அருங்காட்சியக முட்டைகளோடு ஒப்பிட்டு டெரெக் ராட்கிளிஃப் இதை 1967இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அதற்குள் பைரி அற்றுப்போயிருந்தது. 1970இல் டாம் கேட் முன்னின்று தொடங்கிய பெரெக்ரின் நிதியம் பைரிகளை வளர்த்துக் காட்டிலும் நகரிலும் விட்டது. 1972இல் அந்நாடு டிடிடியைத் தடை செய்தது. 1999இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து பைரி நீக்கப்பட்டது. இந்தியா வேளாண்மையில் டிடிடியை 1989இல் தடை செய்தது. இங்கே பைரிக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு; குஞ்சை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். விழுந்துகிடக்கும் குஞ்சு பைரியோ ஷிக்ராவோ, வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

மீட்சியில் அனல்மின் நிலையங்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் புகைபோக்கியின் நடைமேடையில் சரளை நிரப்பிய பெட்டிகள் பொருத்தப்பட்டு, பல தலைமுறைப் பைரிகள் அங்கே வளர்ந்துள்ளன. லண்டனில், 1983இல் உற்பத்தியை நிறுத்திய பேட்டர்சீ மின்நிலையத்தில் குடியேறிய இணைக்கு, கட்டடப் புதுப்பிப்பின்போது தனிக் கோபுரம் எழுப்பிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டிக்கு வேண்டியவை சில: தண்ணீர் வடியும் அடித்தளம், உச்சிவெயிலும் சாரலும் படாத கூரை, குஞ்சு தவறி விழாதபடி முன்விளிம்பில் தடுப்பு, இறக்கை அடித்துப் பழக ஒரு நீட்டம். பெட்டியைவிட முக்கியமானது பராமரிப்பு அட்டவணை. புகைபோக்கியில் ஆள் ஏறும் வேலையைக் கூடுகாலத்துக்கு வெளியே தள்ளிவைக்க வேண்டும். ஷாஹீனைப் பொறுத்தமட்டில், பறந்தெழுந்த பிறகான வாரங்களையும் சேர்த்தால், தவிர்க்க வேண்டிய காலம் டிசம்பரில் தொடங்கிக் கோடை வரை நீளும்.