குறியீட்டுச் செயலும் சமுதாய மாற்றமும்: எதிர்ப்பண்பாட்டு வரலாறு தரும் பாடம்

நிலவிவரும் சமுதாய ஒழுங்கை மாற்ற விரும்புவோர் இருவகை வழிகளைக் கையாண்டு வந்துள்ளனர். சட்டமன்றம், நீதிமன்றம், சங்கம், கட்சி ஆகியவற்றின் வாயிலாகப் போராடுவது ஒருவகை. அவ்வொழுங்கின் வழக்கங்களைத் துறந்து வேறொரு வாழ்வை வாழ்ந்து காட்டுவதும், அதன் சின்னங்களை நகைப்புக்குள்ளாக்குவதும் மற்றொரு வகை. பின்னதனை எதிர்ப்பண்பாடு என்கிறோம். அதன் ஒரு கூறாகிய 'கல்ச்சர் ஜாமிங்' என்னும் சொற்றொடர் 1984இல் நெகட்டிவ்லாண்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவினரிடமிருந்து தோன்றியது. வானொலி அலையை இடைமறித்துக் குலைப்பதுபோல, விளம்பரத்தின் செய்தியை அதன் சொல்லையும் படத்தையும் கொண்டே குலைப்பது இதன் பொருள். பண்பாட்டு இடைமறிப்பு என இதனைத் தமிழில் வழங்கலாம்.

இத்தகைய செயல்களால் சமுதாயம் உண்மையில் மாறுமா? அல்லது அவை செய்பவரின் மனநிறைவோடு முடிந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை காண நான்கு நிகழ்ச்சிகளை ஆராய்வோம். அவற்றுள் இரண்டில் திருச்சபையின் குருமார் நேரடியாகத் தொடர்புற்றிருந்தனர் என்பது நம் கவனத்திற்குரியது.

1. தோண்டுவோர் இயக்கம்

1649 ஜனவரியில் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டான். அதே ஆண்டு ஏப்ரல் மாதம், சர்ரே மாவட்டத்திலுள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றின் பொது நிலத்தில் ஏழைகள் சிலர் கூடி மண்ணைக் கிளறிக் காரட்டும் அவரையும் பயிரிடத் தொடங்கினர். ஜெரார்டு வின்ஸ்டன்லி அவர்களுள் முதன்மையானவர். நிலம் மனிதர் அனைவருக்கும் பொதுவான கருவூலமாகப் படைக்கப்பட்டது என்பது அவர்தம் கொள்கை. மக்கள் இவர்களை 'டிக்கர்ஸ்', அதாவது தோண்டுவோர், என்றழைத்தனர். படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸ் முன் நிறுத்தப்பட்டபோதும் வின்ஸ்டன்லியும் அவருடைய தோழர் எவரார்டும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். அவரும் தம்மைப்போல் ஒரு மனிதரே என்பது அவர்கள் கூறிய காரணம்.

உள்ளூர் நில உடைமையாளர் அவர்களைத் தாக்கியும் வழக்குத் தொடுத்தும் விரட்டினர். ஆகஸ்டு மாதம் அவர்கள் அருகிலுள்ள காபம் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். 1650 ஏப்ரலில் அங்கும் அவர்தம் குடிசைகள் எரிக்கப்பட்டன. அவ்வெரிப்புக்குத் தலைமை தாங்கியவர் மேற்கு ஹார்ஸ்லி சபையின் குருவும் காபம் பண்ணையின் உரிமையாளருமாகிய ஜான் பிளாட். ஓராண்டோடு இயக்கம் முடிவுற்றது. பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் வழக்கமோ அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு தொடர்ந்தது. உடனடிப் பயனை அளவுகோலாகக் கொண்டால், இது தோல்வியே.

2. சான் பிரான்சிஸ்கோ

ஆயினும் பெயர் அழியவில்லை. 1966இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் நாடகக் கலைஞர் சிலர் அதே டிக்கர்ஸ் என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பூங்காவில் நாள்தோறும் இலவச உணவு அளித்தனர். விலையில்லாக் கடையும் நடத்தினர். பணமின்றியும் வாழ இயலும் என்பதைக் காட்டுவதே அவர்கள் நோக்கம். 1967 கோடையில் பல்லாயிரம் இளைஞர் அப்பகுதியில் வந்து குவிந்தனர். வணிகரும் செய்தித்தாள்களும் அவ்வாழ்வை விற்பனைப் பொருளாக்கினர். அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று, 'ஹிப்பி இறந்துவிட்டான்' என அறிவித்து அப்பகுதியினரே ஒரு சவப்பெட்டியைத் தெருவில் சுமந்து சென்றனர்.

அதே பகுதியில் 1967 ஜூன் மாதம் டேவிட் ஸ்மித் என்னும் மருத்துவர் இலவச மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். கூட்டம் கலைந்த பின்னரும் அது பல பத்தாண்டுகள் பணியாற்றியது. எதிர்ப்பண்பாட்டின் உடையையும் இசையையும் சந்தை விழுங்கிவிட்டது. அதன் கருணைக்கு நிறுவன வடிவம் கொடுத்த பணியோ நிலைத்தது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

3. சிட்னியின் விளம்பரப் பலகைகள்

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 'புகா-அப்' என்னும் குழு தோன்றியது. இரவில் வண்ணத் தெளிப்பானைக் கொண்டு சிகரெட்டு, மது விளம்பரப் பலகைகளின் எழுத்துகளைத் திருத்தி, அவ்விளம்பரமே தன் பொருளைப் பழிக்கும்படி செய்வது அவர்கள் முறை. மருத்துவரும் இதில் பங்குபெற்றனர். கைதானபோது சிலர் நீதிமன்றத்தையே தம் வாதத்தின் மேடையாக்கினர்.

1987இல் விக்டோரியா மாநிலம் புகையிலைச் சட்டம் இயற்றிற்று. புகையிலை மீதான தீர்வையைக் கொண்டு ஒரு நலவாழ்வு அறக்கட்டளையையும் நிறுவிற்று. சிகரெட்டு நிறுவனங்களின் நன்கொடையை நம்பியிருந்த விளையாட்டு, கலை அமைப்புகளுக்கு அது மாற்று உதவி அளித்தது. 1992இல் நாடு தழுவிய விளம்பரத் தடைச் சட்டம் நிறைவேறியது. 2012 டிசம்பரில் சிகரெட்டுப் பெட்டியின் கவர்ச்சி வண்ணங்களும் நீக்கப்பட்டன.

இவ்வெற்றி முழுவதையும் பலகையில் எழுதினோருக்கே உரியதாக்குதல் தவறாகும். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் டால், ஹில் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டியிருந்தனர். மருத்துவச் சங்கங்கள் அரசை இடைவிடாது வற்புறுத்தின. குழுவின் கேலி மக்களின் கண்களைத் திறந்தது. சான்றும் சட்டமும் அதன் பின் நின்றன. இம்மூன்றும் கூடியதனாலேயே மாற்றம் விளைந்தது.

4. தூய பவுல் பேராலயத்தின் வாசல்

கனடாவில் 1989 முதல் வெளிவரும் 'ஆட்பஸ்டர்ஸ்' இதழ், வால் தெருவில் கூடாரமிடுமாறு 2011 ஜூலையில் அழைப்பு விடுத்தது. செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் தொடங்கிய இயக்கம் அக்டோபர் 15 அன்று லண்டனை எட்டியது. பங்குச் சந்தையை அணுக முடியாதோர் அருகிலிருந்த தூய பவுல் பேராலயத்தின் வாசலில் கூடாரமிட்டனர். பேராலயம் ஒருவார காலம் கதவடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதுவே முதன்முறை. கூடாரத்தினரை வன்முறையால் அகற்ற நேரிடும் என்றஞ்சி, பேராலயக் குருமாருள் ஒருவராகிய கைல்ஸ் ஃபிரேசர் அக்டோபர் 27 அன்று பதவி துறந்தார். நான்கு நாட்களுக்குப்பின் தலைமைக் குருவும் விலகினார். 2012 பிப்ரவரி 28 அன்று கூடாரங்கள் அகற்றப்பட்டன.

இவ்வியக்கத்தினால் செல்வ ஏற்றத்தாழ்வு பொதுப்பேச்சில் இடம்பெற்றது. ஆனால் திட்டவட்டமான கோரிக்கையோ நிலையான அமைப்போ உருவாகாமையால், சிட்னியைப்போல் ஒரு சட்டத்தில் அது முடியவில்லை. கனடிய மெய்யியலாளர் ஜோசப் ஹீத், ஆண்ட்ரூ பாட்டர் ஆகியோர் 2004இல் வெளியிட்ட நூலில், எதிர்ப்பண்பாடு நுகர்வுச் சந்தையைத் தளரச் செய்யாமல் அதற்குப் புதிய சரக்கையே தருகிறது என வாதிட்டனர். விளம்பரத்தைச் சாடிய அதே இதழ் தன் சொந்தக் காலணிகளை விற்க முற்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டினர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. எனினும் ஹெய்ட்-ஆஷ்பரிக்குப் பொருந்துவது சிட்னிக்குப் பொருந்தாது.

5. திருச்சபைக்கான பாடம்

குறியீட்டுச் செயல் வேதத்திற்குப் புதியதன்று. எரேமியா கலசத்தை உடைத்தான் (19ஆம் அதிகாரம்); கழுத்தில் நுகத்தைப் பூண்டான் (27). அனனியா அந்நுகத்தை முறித்து, கேட்போர் விரும்பிய எதிர்க்குறியை உண்டாக்கினான் (28). ஆகவே, மக்கள் மனத்தைக் கவர்வதனாலேயே ஒரு குறியீடு மெய்யாகிவிடாது. ஆனால் எரேமியா அத்தோடு நிற்கவில்லை. 32ஆம் அதிகாரத்தில் ஆனதோத்தின் நிலத்தை விலைக்கு வாங்கி, பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, நெடுநாள் நிலைக்கும்படி அதை மண்பாண்டத்தில் பாதுகாக்கச் செய்தான். முதலில் உடைந்த கலசம் தீர்ப்பை அறிவித்தது. பின்னர் வந்த பாண்டம் வருங்காலத்தைச் சட்ட வடிவில் காத்தது. தீர்க்கதரிசனப் பணிக்கு இரண்டும் தேவை.

எனவே நம் விடை இதுவே. எதிர்ப்பண்பாடு தனித்து நின்று சமுதாயத்தை மாற்றியதில்லை. மாற்றம் இயலும் என்பதை மக்கள் காணச் செய்திருக்கிறது. அக்காட்சி சான்றோடும் அமைப்போடும் சட்டத்தோடும் இணையும்போதே பயன் விளைகிறது. அவ்விணைப்பைச் செய்வதற்கு வேண்டிய நிலைத்த அமைப்பும் நீண்ட நினைவும் திருச்சபைக்கு உண்டு. ஆயினும் காபத்தில் ஒரு குரு தீ வைத்தார். லண்டனில் ஒரு குரு பதவி இழந்தார். வாசலில் கூடாரமிடுவோர் நம் ஒழுங்கைக் குலைக்கும் நாளில், அவர்தம் குறியீட்டில் உண்மை உண்டா என முதலில் ஆராய்வதும், உண்டாயின் அதற்கு நிலைத்த வடிவம் தர உழைப்பதும் குருத்துவப் பணியின் பகுதியாகும். ஊழியத்திற்கு ஆயத்தமாவோர் இதனைத் தம் பயிற்சிக் காலத்திலேயே எண்ணிப் பார்ப்பது நன்று.