சுருளில் எஞ்சும் வரலாறு: விவரணப்படமும் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும்

வரலாறு சான்றுகளின் அடியாகவே எழுகின்றது. கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் அயலார் குறிப்புகளும் பண்டைய வரலாற்றுக்கு ஆதாரங்களாக அமைந்தமை போன்று, ஒளிப்படமும் திரைப்படச் சுருளும் ஒலிப்பதிவும் இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றுக்கு ஆதாரங்களாக அமைந்துள்ளன. இவ்வாதாரங்களைத் தேடியெடுத்து, ஒழுங்குபடுத்தி, புகழ்பெற்ற ஒருவரின் வாழ்வையோ பலரைப் பலிகொண்ட பேரழிவொன்றையோ மீளநோக்கும் விவரணப்படங்கள் இன்று பெருமளவில் வெளிவருகின்றன. மறைந்துபோன காலமே நேரில் எழுந்து பேசுவதாகப் பார்ப்போர் அவற்றைக் கண்டு வியக்கின்றனர். ஆயின், பேசுவது காலமன்று. எஞ்சிய சுருளே பேசுகின்றது. எது எஞ்சியது, எவ்வாறு எஞ்சியது, எது எஞ்சவில்லை ஆகிய வினாக்களை எழுப்பாதவிடத்து இத்தகைய படங்களை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. செங்கலடியையும் அதனைச் சூழ்ந்த மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தையும் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் மேலும் கூர்மையடைகின்றன.

பழைய சுருள்களிலிருந்து புதிய படம் ஆக்கும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் சோவியத் நாட்டின் எஸ்பிர் ஷூப் என்னும் பெண்மணியாவார். 1927ஆம் ஆண்டு, ரஷ்யப் புரட்சியின் பத்தாண்டு நிறைவையொட்டி, ‘ரொமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்னும் படத்தை அவர் உருவாக்கினார். அன்றைய செய்திப்படங்களும், சார் மன்னர் தம் குடும்பத்தாரின் மகிழ்வுக்காக எடுப்பித்த தனிப்பட்ட சுருள்களுமே அதற்கு மூலப்பொருளாயின. அரச குடும்பத்தின் உல்லாசக் காட்சிகளுக்கு அருகே உழைப்போரின் காட்சிகளை அவர் வைத்தார். மன்னரின் பெருமையைக் காட்ட எடுக்கப்பட்ட அதே சுருள், மன்னராட்சியைக் குற்றஞ்சாட்டும் சாட்சியாக மாறிற்று. எடுத்தவர் கருதிய பொருள் ஒன்று, அடுக்கியவர் தரும் பொருள் வேறொன்று என்னும் உண்மை இதனாற் புலப்படுகின்றது. எனவே இவ்வகை விவரணப்படம் வெறும் பதிவன்று. எஞ்சிய பொருள்களைக் கொண்டு கட்டப்படும் ஒரு வாதமே எனல் பொருந்தும்.

தமிழரிடையே இம்முயற்சியின் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஏ. கே. செட்டியார் ஆவார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்து, யப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை பயின்ற அவர், 1937 ஒக்ரோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். அடிகளைப் பற்றிய விவரணப்படம் ஒன்றை ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் அப்பயணத்திலேயே அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிறைவுறவில்லை. பெரும் நிறுவனமோ அரசோ அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணஞ் செய்து, பல நாடுகளின் செய்திப்பட நிறுவனங்களின் களஞ்சியங்களைத் துருவி, முப்பது ஆண்டுக்காலத்தில் நூறளவான படப்பிடிப்பாளர்கள் எடுத்த சுமார் 50,000 அடிச் சுருளை அவர் திரட்டினார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து, ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள ‘மகாத்மா காந்தி’ என்னும் படத்தை 1940ஆம் ஆண்டு தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்டார். தெலுங்கு வடிவமும், பின்னர் ஹிந்தி வடிவமும் வந்தன. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்றும் உருவாயிற்று.

இவ்வரலாற்றின் பிற்பகுதியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிதறிக்கிடந்த சுருள்களை உலகெங்குந் தேடித் திரட்டியவரின் படம் தானே காணாமற் போயிற்று. 1943 தொடக்கம் ‘குமரி மலர்’ இதழை நடத்தி, பழந்தமிழ் இதழ்களிலிருந்து அரிய செய்திகளை மீட்டுத் தந்த செட்டியார் 1983ஆம் ஆண்டு காலமானார். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியினால், ஆங்கில வடிவத்தின் சுருக்கப் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. தமிழில் முதன்முதலாக எழுந்த படம், தமிழ் நிலத்திற் பேணப்படாது, கடல்கடந்த நாட்டில், வேற்றுமொழியில், குறைவடிவிலேயே மீளக் கிடைத்தது. படத்தை ஆக்குதற்கு ஆர்வமும் உழைப்பும் போதுமானவையாயிருந்தன. அதனைப் பேணுதற்கோ நிறுவனமொன்று வேண்டியிருந்தது. அந்நிறுவனம் தமிழரிடம் இருக்கவில்லை.

சுருள்கள் எஞ்சுவதிலே தற்செயலுக்கும் பெரும்பங்குண்டு. கனடாவின் வட எல்லையிலுள்ள டோசன் என்னும் சிற்றூர், மௌனப்படக் காலத்திலே படங்கள் சுற்றிவரும் பாதையின் கடைசித் தரிப்பிடமாயிருந்தது. திருப்பியனுப்பும் செலவை ஏற்க விநியோகத்தர் விரும்பாமையால் அங்கே தேங்கிய சுருள்கள், 1929ஆம் ஆண்டு பாவனையற்ற நீச்சற் குளமொன்றை நிரப்புதற்குப் பயன்பட்டன. உறைந்த மண் அவற்றைக் காத்தது. 1978ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டியபோது 533 சுருள்கள் வெளிப்பட்டன. அவற்றைக் கொண்டு பில் மொரிசன் என்பார் 2016ஆம் ஆண்டு அவ்வூரின் வரலாற்றையே விவரணப்படமாக்கினார். இதற்கு மாறாக, சந்திரனில் மனிதன் இறங்கியமை பற்றி 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘அப்பலோ 11’ என்னும் படம், அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தில் ஒழுங்காகப் பேணப்பட்டிருந்தும் எவரும் எடுத்துப் பாராதிருந்த பேரளவுச் சுருள்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. ஒன்றை உறைபனி காத்தது. மற்றதை அரசு காத்தது. உறைபனியும் இல்லாத, வலுவான சுவடிக்கூடமும் அமையாத வெப்பநாட்டுச் சிற்றூர்களின் நிலை யாது? ஈரமும் வெம்மையும் மிக்க சூழலில் பழைய சுருள் புளிப்பு நாற்றம் வீசிச் சுருங்கி உடைகின்றது. ஒளிப்படம் பூஞ்சணம் பிடிக்கின்றது. கடதாசி கறையானுக்கு இரையாகின்றது.

டோசனில் சுருள்கள் கண்டெடுக்கப்பட்ட அதே 1978ஆம் ஆண்டின் நவம்பர் 23ஆம் நாள் இரவிலேயே மட்டக்களப்பைப் பெருஞ்சூறாவளி தாக்கியது. வங்காள விரிகுடாவில் உருவாகி, கிழக்குக் கரையை ஊடறுத்து, தீவைக் கடந்து, மறுநாள் தமிழகத்தின் இராமநாதபுரக் கரையை அது அடைந்தது. இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 250,000 கட்டடங்களும் 240 பாடசாலைகளும் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொரு பங்கு ஒழிந்தது. பெரும்போக வேளாண்மை வயலில் நின்ற காலம் அது. எனவே ஓரிரவின் காற்று வீட்டை மாத்திரமன்றி, அவ்வாண்டின் உணவையும் அடுத்துவரும் பல ஆண்டுகளின் தென்னை வருவாயையும் ஒருங்கே பறித்தது. ஒரு தென்னை மீண்டும் காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகளேனும் செல்லும் என்பதை எண்ணின், அழிவின் நீட்சி விளங்கும்.

இத்துணைப் பெரிய அழிவு ஊடக வரலாற்றின் ஓர் இடைவெளியிலே நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. உலகெங்கும் செய்திப்படங்களைப் பரப்பிய பதே நிறுவனம் 1970ஆம் ஆண்டு அப்பணியை நிறுத்திவிட்டது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலேயே தொடங்கிற்று; ரூபவாஹினி 1982 பெப்ருவரியில் வந்தது. சூறாவளி வீசியபோது தொலைக்காட்சி பிறப்பதற்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. இருபத்தாறு ஆண்டுகளின் பின்னர், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அதே கரையைத் தாக்கியபோது அதன் காட்சிகள் சில மணி நேரத்தினுள் உலகெங்கும் பரவின. ஒரே கரையின் இரு பேரழிவுகளுள் ஒன்றுக்கு அசையும் படங்கள் மிகுதி. மற்றதற்கோ அவை அரிது. அதனால், அடுத்த தலைமுறையின் மனத்தில் முன்னையது மங்கிப் பின்னையது மாத்திரமே பேரழிவாக நிலைக்கும் அபாயம் உண்டு. துன்பத்தின் அளவினாலன்றிச் சுருளின் அளவினால் வரலாறு அளக்கப்படும் நிலை இதுவாகும்.

அசையும் படம் இல்லையெனில் விவரணப்படமும் இல்லையென முடிவுசெய்தல் வேண்டா. 1968 டிசெம்பர் 25ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பாரதி கிருஷ்ணகுமார் ‘இராமையாவின் குடிசை’ என்னும் படத்தில் மீளாய்வு செய்தார். அந்நிகழ்வைப் படம்பிடித்தார் எவருமிலர். தப்பியோரும் அயலாரும் கூறிய வாய்மொழிச் சாட்சியங்களே அப்படத்துக்கு உயிராயின. மறுபுறம், படம் இருப்பது மாத்திரமே உண்மைக்கு உறுதியாகாது. 1876–78 காலத்துத் தாது வருடப் பஞ்சத்தின்போது ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி எடுத்த ஒளிப்படங்கள் இன்றும் பஞ்சத்தின் அடையாளமாக அச்சிடப்படுகின்றன. எலும்புந் தோலுமான மக்களைக் குழுக்களாக நிறுத்தியும் இருத்தியும் எடுக்கப்பட்ட அப்படங்களில் அவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பேச்சில்லை. அதே பஞ்சத்தைப் பாடிய தமிழ்க் கும்மிகளில் விலைவாசியும், பசியால் வீடுவிட்டு அலைந்தோரின் நிலையும், அக்காலத்து மக்களின் ஆற்றாமையும் பேசப்படுகின்றன. படம் உடலைக் காட்டிற்று. பாட்டு வாழ்வைக் காட்டிற்று. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குபவனே வரலாற்று மாணவன்.

இந்நோக்கிற் காணும்போது செங்கலடிப் பிரதேசம் சான்றற்ற நிலமன்று. பதுளை வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் இவ்விடம் கடற்கரை ஊர்களையும் உள்நாட்டு வேளாண்மைக் கிராமங்களையும் இணைப்பது. அழிவின் செய்தியும் நிவாரணமும் பயணஞ் செய்யத்தக்க வழிகள் இவையே. பாடசாலைகளின் சம்பவத்திரட்டு ஏடுகள், தேவாலயங்களின் பதிவேடுகள், கோயிற் கணக்குகள், கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், நட்டஈடு கோரிய விண்ணப்பப் பிரதிகள், வெளியூர் உறவினர்க்கு எழுதிய கடிதங்கள், கூரையிழந்த வீட்டின் முன் எடுத்த குடும்பப் படங்கள் ஆகியன யாவும் தேடத்தக்க ஆவணங்களே. ‘வீரகேசரி’, ‘தினகரன்’ முதலிய நாளிதழ்களின் அக்காலத் தொகுதிகளோடு இவற்றை ஒப்புநோக்குமிடத்து, தலைநகர் கண்ட சூறாவளிக்கும் கிராமம் கண்ட சூறாவளிக்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படும். நாளிதழ் தொகையைக் கூறும். சம்பவத்திரட்டு ஏடோ எந்த நாளிற் பாடசாலை மீளத் திறந்தது, எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்பதைக் கூறும்.

வாய்மொழிச் சான்றோ நாளுக்குநாள் அருகிவருகின்றது. அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று அறுபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். அன்று குடும்பப் பொறுப்பைச் சுமந்த தலைமுறையிற் பெரும்பாலானோர் மறைந்துவிட்டனர். போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த கடதாசிகளையும் படங்களையும் சிதறடித்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமை, சான்றுகள் ஓரிடத்தில் மாத்திரம் குவிந்திருத்தலின் ஆபத்தை உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி, ஒரு பிரதி அழியினும் உள்ளடக்கம் அழியாதவாறு பேணும் வழியைக் காட்டியுள்ளது. அவ்வழியைப் படத்துக்கும் குரலுக்கும் விரிவாக்குதல் காலத்தின் தேவையாகும்.

இப்பணியிற் சில எச்சரிக்கைகளும் வேண்டப்படுகின்றன. முதலாம் உலகப்போர் பற்றிப் பீற்றர் ஜாக்சன் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட படத்தில், கறுப்பு வெள்ளைச் சுருள்களுக்கு வண்ணமூட்டி, அவற்றின் வேகத்தைச் சீராக்கி, முன்னாட் போர்வீரரின் ஒலிப்பதிவுக் குரல்களை இணைத்தார். அது உள்ளத்தை உருக்குவது உண்மையே; ஆயினும் ஊட்டிய வண்ணம் சான்றின் பகுதியன்று. இன்றைய கணினி, நிகழாத காட்சியையும் நிகழ்ந்ததாகக் காட்டவல்லது. ஆழிப்பேரலையின் காட்சியை எடுத்துச் சூறாவளியின் காட்சியாக ஒட்டுவதும் எளிது. ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், எடுத்தவர், பேணியவர் ஆகிய விவரங்கள் குறிக்கப்படவேண்டும். சாட்சி கூறுவோரின் துயரம் கண்ணீரை வரவழைக்கும் கருவியாகக் கருதப்படாது, அவர்களின் இசைவுடனும் மதிப்புடனும் பதியப்படவேண்டும். ஹூப்பரின் படங்களில் மறுக்கப்பட்ட பெயரும் பேச்சும் இங்கே மீள வழங்கப்படல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், விவரணப்படம் ஒன்று படப்பிடிப்புக் கருவியோடு தொடங்குவதன்று. பேணப்பட்ட சான்றோடு தொடங்குவது. செட்டியார் திரட்டுதற்கு வேறு நாட்டாரின் களஞ்சியங்களேனும் இருந்தன. வாவிக்கரைக் கிராமங்களின் 1978ஐத் திரட்டுதற்கு அத்தகைய களஞ்சியம் ஆயத்தமாக இல்லை. படத்துக்கு முன்னரே களஞ்சியத்தை ஆக்கவேண்டியுள்ளது. அயலூரின் ஐந்து முதியோரின் குரலைப் பதிவதும், ஒரு பாடசாலையின் பழைய ஏட்டைப் படியெடுப்பதும், ஓர் ஒளிப்படத்தின் பின்புறத்தில் உரிய பெயர்களை எழுதுவதும் பல்கலைக்கழக மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டனவல்ல. செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986ஆம் ஆண்டு முழுமைபெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் சூறாவளி கண்ட மண்ணிலேயே எழுந்ததாகும். அம்மண்ணின் அழிவை உறைபனியும் காக்கவில்லை; சுருளும் காக்கவில்லை. எஞ்சியிருப்பது மனிதரின் நினைவே. அந்நினைவு சான்றாக மாறுதற்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.