அளவுகோலால் பிறந்த புலி

சன்பீம் ஆல்பைன் என்று ஒரு கார். இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரையைத் திறந்துகொள்ளலாம். பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் 1959-ல் கொண்டு வந்தது. பார்க்க சினிமா கதாநாயகி மாதிரி இருக்கும், ஆனால் ஓட்டத்தில் பரம சாது. ஒன்றரை லிட்டர் இன்ஜின், நான்கு சிலிண்டர். எட்டு சிலிண்டர் வி-8 கார்களில் பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களிடம் இதை விற்பது என்றால் சும்மாவா?

அந்தக் கஷ்டம் முழுக்க இயன் கராட் தலையில் விழுந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் ரூட்ஸின் விற்பனை மேலாளர் அவர். புது இன்ஜின் தயாரிக்க வருடங்களும் வேண்டும், கோடிகளும் வேண்டும். ஃபெராரியிடம் பேசிப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை. கேரல் ஷெல்பி 1962-ல் ஒரு சின்ன பிரிட்டிஷ் காருக்குள் ஃபோர்டு வி-8 இன்ஜினைத் திணித்து 'கோப்ரா'வை உருவாக்கியிருந்தார். அதையே ஆல்பைனுக்கும் செய்தால் என்ன என்று யோசனை சொன்னவர், உலக சாம்பியன் பந்தய ஓட்டுநர் ஜாக் பிராபம்.

யோசனை சரி. எந்த வி-8 உள்ளே நுழையும்? இங்கேதான் வேடிக்கை. ஜவுளிக்கடையில் துணி அளப்பார்களே, அந்த மாதிரி ஒரு மர அளவுகோலால் ஆல்பைனின் பானெட்டுக்கு அடியில் அளந்தார்கள். அந்த அளவோடு சர்வீஸ் மேனேஜர் ஊரில் உள்ள கார் ஷோரூம்களுக்கெல்லாம் போய் இன்ஜின்களைப் பார்த்து வந்தார். தேறியது ஒன்றே ஒன்று, ஃபோர்டின் 260 கன அங்குல (4.2 லிட்டர்) வி-8.

அது தேறியதற்குக் காரணம் குதிரைத்திறன் மட்டுமல்ல. ஃபோர்டு அதை மெல்லிய சுவர் வார்ப்பு முறையில் செய்திருந்ததால் எடை சுமார் 200 கிலோதான். பழைய இன்ஜினைவிட நீளம் மூன்றரை அங்குலம்தான் அதிகம். இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மாதிரி காருக்கு ஷெல்பி கேட்டது 8 வாரம், 10,000 டாலர். கராடுக்குப் பொறுமை இல்லை. கென் மைல்ஸிடம் (2019-ல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்தில் கிறிஸ்டியன் பேல் நடித்தாரே, அதே மைல்ஸ்தான்!) 800 டாலரையும் ஒரு ஆல்பைனையும் கொடுத்து, சட்டென்று ஒன்று செய்யச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வண்டி ஓடியது. செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் பாராட்ட வேண்டிய மனிதர்!

ஷெல்பியின் கார் 1963-ல் கப்பலேறி இங்கிலாந்து போனது. தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்களே என்று முதலில் முகம் சுளித்த லார்ட் ரூட்ஸ், ஓட்டிப் பார்த்த பிறகு ஃபோர்டிடம் 3,000 இன்ஜினுக்கு ஆர்டர் கொடுத்தார். 1964-ல் 'சன்பீம் டைகர்' விற்பனைக்கு வந்தது. 164 குதிரைத்திறன், ஆல்பைனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அளவு சரியாக இருந்தது என்றாலும் எல்லாம் சுலபமாகப் பொருந்திவிடவில்லை. அகலம் இடித்ததால் பழைய ஸ்டியரிங் அமைப்பைத் தூக்கிவிட்டு ரேக் அண்ட் பினியன் வைத்தார்கள். கார்களைச் செய்துகொடுத்த ஜென்சன் தொழிற்சாலையில், பெயின்ட் அடித்து வந்த பாடியில், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைச் சம்மட்டியால் அடித்து இடம் பண்ணினார்கள். பின்கோடியில் இருக்கும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள் உட்கார்ந்து ஒரு ஓட்டை வழியாகக் கை விட வேண்டும். 'கெட் ஸ்மார்ட்' டிவி தொடரில் பானெட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி எழும்பும் காட்சிக்கு டைகரில் இடமே இல்லாமல், ஆல்பைனுக்கு டைகர் வேஷம் போட்டு எடுத்தார்கள் என்றால் பாருங்களேன்.

அளவுகோலுக்கு எட்டாத சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. நஷ்டத்தில் தள்ளாடிய ரூட்ஸில் 1964-லேயே கிரைஸ்லர் முதலீடு செய்தது, 1967-ல் நிர்வாகத்தையும் கையில் எடுத்தது. கிரைஸ்லர் கம்பெனி, பரம எதிரியான ஃபோர்டின் இன்ஜினை வைத்துக் கார் விற்பதா? தங்களுடைய சின்ன வி-8 இன்ஜினை வைத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கு உயரம் அதிகம். போதாக்குறைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம்! சம்மட்டியால் அடித்தும் தீராத விஷயம். வண்டி மொத்தத்தையும் திருத்தி வடிவமைக்க யாரும் பணம் போடத் தயாராக இல்லை.

1967-ல் டைகர் நின்றது. மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் கார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றின் பக்கவாட்டில் 'பவர்டு பை ஃபோர்டு 260' என்று பெருமையாக ஒரு பட்டயம் இருக்கும். கடைசியாக வந்தவற்றில் உள்ளே இருந்தது ஃபோர்டின் இன்னும் பெரிய 4.7 லிட்டர் இன்ஜின், வெளியே ஒட்டியிருந்தது வெறும் 'சன்பீம் வி-8'.