சம்பளத்தை விடப் பெரிய கோரிக்கை: 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தம்

ஒரு பால்வெட்டுத் தொழிலாளி சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் போகிறார். எதிரே துரை வருகிறார். உடனே அவர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரை கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். கிராணி வந்தாலும் இதே மரியாதைதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த வழக்கம் இது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்தபோது, அவற்றில் ஒன்று இப்படி இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் போக எங்களை அனுமதிக்க வேண்டும்.

இது என்ன கோரிக்கை என்று இன்றைய தலைமுறை சிரிக்கலாம். அரிசி விலை ஏறிக் கிடந்த காலத்தில் சைக்கிள் ஒரு பிரச்சினையா என்றும் கேட்கலாம். ஆனால் அந்தப் போராட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. கூலியைப் பற்றிப் பேசியபோது தோட்ட முதலாளிகள் பேரம் பேசினார்கள். மானத்தைப் பற்றிப் பேசியபோது துப்பாக்கி வந்தது.

தேய்ந்துபோன கூலி

கதை சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. 1920-களின் இறுதியில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அடிப்படைக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. கூலியும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை நன்றாக இருந்தபோது ஆள் வேண்டும் என்று கங்காணியை அனுப்பி அழைத்து வந்தவர்கள், விலை விழுந்ததும் ஊருக்குப் போ என்றார்கள்.

1936-ஆம் ஆண்டு இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். பழைய 50 காசு, 40 காசு கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். ஆனால் அரசு ஆதரவோடு தொழிலாளர் வருவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். அதே 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்துக்கு இது ஏமாற்றமாக இருந்தது. மறு ஆண்டு ஜவஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்தார். தொழிலாளர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அவர் பேசிய பேச்சு தோட்டங்களில் பலர் மனத்தில் பதிந்தது.

கப்பல் நின்றது, துணிவு வந்தது

1938-இல் ரப்பர் விலை மீண்டும் இறங்கியபோது கூலியைக் குறைக்க முதலாளிகள் முடிவு செய்தார்கள். இம்முறை இந்திய அரசாங்கம் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதற்குத் தடை போட்டது.

இந்தத் தடையின் பலன் அப்போது பலருக்கும் உடனே புரியவில்லை. அதுவரை ஒரு தொழிலாளி எதிர்த்துப் பேசினால் தோட்ட நிர்வாகத்திடம் ஒரே பதில்தான் இருந்தது: நீ போனால் அடுத்த கப்பலில் பத்துப் பேர் வருவார்கள். தடைக்குப் பிறகு அந்த அடுத்த கப்பல் இல்லை. இருப்பவர்களை வைத்துத்தான் பால் வெட்ட வேண்டும். ஒரு நூற்றாண்டில் முதல் முறையாகத் தமிழ்த் தொழிலாளியின் கைக்குப் பேரம் பேசும் பலம் வந்தது.

1939-இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அந்த டாலரைக் கொண்டுவந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். விலை ஏறியது, லாபமும் ஏறியது. கூடவே அரிசி, துணி, மற்றச் சாமான்களின் விலையும் ஏறியது. கூலி மட்டும் பின்தங்கியது. பக்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி கிடைப்பதையும் நம்மவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

நாதனும் மேனனும்

இந்தச் சூழலில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களுக்குள் நுழைந்தது. அதன் முன்னணியில் இருந்தவர்கள் ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகிய இருவர். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர், மத்திய இந்தியர் சங்கத்திலும் ஈடுபட்டவர்.

தோட்டத்துக்குள் போய்க் கூட்டம் போடுவது அன்று சாதாரணக் காரியமல்ல. தோட்டம் என்பது தனியார் நிலம். லயத்தில் இருக்கும் அண்ணனைப் பார்க்கத் தம்பி வருவதானாலும் நிர்வாகத்தின் தயவு வேண்டும். சங்கத்து ஆள் என்றால் அத்துமீறி நுழைந்தவர். அதையும் மீறிச் செய்தி பரவியது. இளைஞர்கள் காந்தி குல்லாய் அணிந்து நிமிர்ந்து நடந்தார்கள். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று லயம் லயமாகப் பேசினார்கள். குல்லாய் கண்ணை உறுத்தியதால் நிர்வாகத்தோடு தகராறு வந்த தோட்டங்களும் உண்டு.

1941-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. முதலாளிகள் சிறிய உயர்வு கொடுக்க முன்வந்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி என்பதை மட்டும் ஏற்கவில்லை. தொழிலாளர்களும் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் அதிகாரிகள் நினைத்தார்கள். ஆனால் முடியவில்லை.

அந்தப் பட்டியலில் என்ன இருந்தது?

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்கி, தமிழ் தெரிந்தவர்களை நியமிக்க வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். சைக்கிளில் போக அனுமதி வேண்டும். சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். குறைகளைச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரும், அவர்களைப் போலவே நடந்துகொண்ட உள்ளூர் அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று நாலு சுவருக்குள் அடக்கி வைக்கப்பட்ட ஒரு கொடுமையைப் பொதுக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தது சிறிய துணிச்சல் அல்ல.

மொத்தப் பட்டியலில் காசு சம்பந்தப்பட்டது ஒன்றோ இரண்டோதான். மற்றவை எல்லாம் மனிதனை மனிதனாக நடத்து என்று சொல்பவை. கல்வியைக் கேட்டதும் காரணமில்லாமல் அல்ல. தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆனால் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போகும் பெயரளவுப் பள்ளிகளும் இருந்தன. நம் பிள்ளையும் இதே பால்வாளியைத்தான் தூக்க வேண்டுமா என்ற கேள்வி அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது.

கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அப்படித்தான். குடிக்காதே என்று பிறர் வந்து உபதேசம் செய்யவில்லை. குடியால் தங்கள் குடும்பம் அழிவதைக் கண்ட தொழிலாளர்களே, இந்தக் கடை எங்களுக்கு வேண்டாம் என்றார்கள்.

மே மாதத்து இரத்தம்

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். நாடு கடத்துவதே நோக்கம். செய்தி கேட்ட தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டார்கள். அவரை விடுதலை செய்யக் கோரி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கிள்ளானைத் தாண்டிச் சிலாங்கூரின் மற்ற வட்டாரங்களிலும் பால்மரங்கள் வெட்டப்படாமல் நின்றன.

போராட்டம் முழுக்க அமைதியாகவே நடந்தது என்று சொல்வது உண்மையாகாது. சில இடங்களில் கைகலப்பும் சேதமும் ஏற்பட்டன. ஆனால் கையில் கம்பும் கல்லும் வைத்திருந்த கூட்டத்துக்கு எதிரே நின்றது ஆயுதப் படை. மாதத்தின் நடுப்பகுதியில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் இறங்கியது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாத முடிவுக்குள் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது.

வெளியிலிருந்து வந்த அரசியல்வாதிகள் தூண்டிவிட்டார்கள் என்பதே அதிகாரத் தரப்பின் விளக்கம். நாதன் தூண்டினார் என்றே வைத்துக்கொள்வோம். பெரட்டுக்களத்தில் வாங்கிய வசையையும், சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற அவமானத்தையும் நாதன் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த காயத்தை அவர் வெளியே சொல்லக் கற்றுக்கொடுத்தார், அவ்வளவுதான்.

நடந்ததைச் சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்ற குரல் இந்தியாவரை எழுந்தது. அந்த விசாரணை நடக்காமலேயே, 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் தரையிறங்கியது.

தோற்ற போராட்டம் விட்டுச் சென்றது

அன்றைய கணக்கில் கிள்ளான் போராட்டம் தோல்விதான். ஆனால் அதற்குப் பிறகு வந்தவற்றை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. சயாம் ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் மடிந்தார்கள். 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். 1945-இல் போர் முடிந்து துரைமார் திரும்பி வந்தபோது தோட்டம் அங்கேயே இருந்தது. பழைய தொழிலாளி இல்லை.

1946-இலிருந்து தோட்டந்தோறும் சங்கங்கள் எழுந்தன. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக ஒரு தமிழர், எஸ். ஏ. கணபதி, உயர்ந்தார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதன் நீண்டகாலத் தலைமையாக விளங்கினார். வழிகள் வேறு வேறு. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்று 1941-இல் கேட்ட குரலின் தொடர்ச்சிதான் இவை எல்லாம். நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். கிள்ளானில் இரத்தம் சிந்தி 72 ஆண்டுகள் கழித்து!

இன்று பட்டியல் யாருடையது?

கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் கடை முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி.

ஆனால் செம்பனைக் குலையை வெட்டுபவர் யார்? உணவகத்தில் தட்டுக் கழுவுபவர் யார்? இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், தமிழ்நாடு என்று கடல் கடந்து வந்தவர்கள். 2020-ஆம் ஆண்டு மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. காட்டிய காரணங்களில் ஒன்று, தொழிலாளர்களின் அடையாள ஆவணங்கள் பிடித்து வைக்கப்பட்டது. பின்னர் சீர்திருத்தங்கள் நடந்தது வேறு விஷயம். அன்று நிர்வாகத்தின் தயவில்லாமல் தோட்டத்துக்குள் ஆள் வர முடியவில்லை. கடப்பிதழ் முதலாளியின் மேசை அறைக்குள் இருந்தால், வேலையிடத்தை விட்டு ஆள் வெளியே போக முடியாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நம் சங்கங்களும் ஆலயங்களும் ஆண்டு முழுவதும் விழாக்கள் நடத்துகின்றன. மே மாதத்தில் ஒரு மாலையைக் கிள்ளான் போராட்டத்துக்கு ஒதுக்கினால் என்ன? அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் பிள்ளைகள் முன் உரக்கப் படிக்கலாம். ஒவ்வொன்றையும் படித்த பிறகு, இது இன்று யாருக்குப் பொருந்துகிறது என்று அவர்களையே கேட்கலாம். மேடையில் தலைவர்களுக்கு மாலை போடுவதை விட அது பயனுள்ள மரியாதையாக இருக்கும்.

அந்த ஐந்து பேரும் தங்களுக்காக மட்டும் உயிரைக் கொடுக்கவில்லை. உழைக்கிறவனுக்குக் கூலியோடு மரியாதையும் உண்டு என்ற விதியை இந்த மண்ணில் எழுத முயன்றார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று முதலாளி நாற்காலியில் அமரும்போது, அந்த விதி தங்களையும் கட்டுப்படுத்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.